தோள் உயரத்தில் ஒரு மழை

கோப்பிக் கொட்டை கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அது தோன்றியது. பல்லேகலப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மருந்துப் பெட்டியோடு போயிருந்தேன். தோலுரித்த கோப்பியைத் தொட்டியில் ஊறவைத்து, வழுவழுப்புப் போகும்வரை கழுவுவார்கள். மேட்டு ஊற்றிலிருந்து மூங்கில் பீலி வழியாகத் தண்ணீர் வந்து தொட்டிக்குள் கொட்டும். நாலு பேர் பலகையால் தள்ளித் தள்ளி அலசுவார்கள். வேலை முடிந்ததும் அந்த நாலு பேரில் ஒருவன், உடம்பெல்லாம் கொழகொழவென்று ஒட்டியிருந்தவன், பீலிக்கு நேர் கீழே போய் நின்றான். நான் மனசுக்குள் நூறு எண்ணி முடிப்பதற்குள் சுத்தமாக வெளியே வந்து, தலையைச் சிலுப்பிக்கொண்டு, பக்கத்தில் நின்றவனிடம் வெற்றிலை கேட்டான்.

நூறு எண்ணும் நேரம். மலைக்குப் போகும் கூலியாட்களை மறித்துச் சோதிக்கும் எங்கள் டிப்போவில் ஓர் ஆளைக் குளிக்க வைக்க அதைப்போலப் பத்து மடங்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஒரு நினைப்புத்தான் என்னை ஏழு வருஷம் ஓட வைத்தது. இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன வாரம் என்னைத் தேடி வந்த இரண்டு புது டிரசர்கள். தேயிலை நடுகிற தோட்டங்களுக்கு மருந்து கட்டும் வேலைக்குப் போகிறவர்கள். "அண்ணே, டிப்போவில ஆளுக்கு எத்தனை வாளி தண்ணி கணக்கு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்கள். வாளிக் கணக்கை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதை மட்டும் சொல்லி அனுப்பினால் நான் செய்த பிழையை அவர்களும் முதலிலிருந்து செய்வார்கள். பழைய உத்தியோகத்தைப் பற்றி எழுத ஓய்வு பெற்றிருக்க வேண்டுமென்றால் அந்தத் தகுதியும் எனக்கு உண்டு. டிப்போவை மூடி, பதவியை எடுத்து, நற்சாட்சிப் பத்திரம் ஒன்றைக் கையில் தந்து அனுப்பியபோது எனக்கு வயது இருபத்தேழு.

படிப்புக் கதை பெரிதாக ஒன்றுமில்லை. கண்டியில் மிஷன் பள்ளிக்கூடம். பிறகு ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் புண் கழுவினேன், கட்டுப் போட்டேன், மருந்து கலக்கினேன், நாக்கைப் பார்த்து வயிற்றைச் சொல்லப் பழகினேன். அதோடு கட்டுகஸ்தோட்டை ஆற்றங்கரை டிப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கோப்பித் தோட்ட வேலைக்கென்று கடல் கடந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையால் நடந்து, மாத்தளை தாண்டி வருகிற ஆட்கள் கண்டிக்குள் நுழையுமுன் எங்களிடம் நின்றுதான் போக வேண்டும். வாந்திபேதி தோட்டங்களுக்கு ஏறிவிடக்கூடாது என்பதற்காக. முதலில் கூட்டத்தைக் கொட்டகையில் உட்கார வைப்போம். நாக்கு, கண், வயிறு பார்ப்போம். உடுத்தி வந்த துணிகளை ஒரு பெரிய செப்புக் கிடாரத்தில் போட்டு அவிப்போம். பிறகு ஆளுக்கு ஒரு கட்டி சவர்க்காரம், குளிப்பு. குளித்தவருக்கு ஒரு கம்பளி, ஒரு அகப்பைச் சுடு கஞ்சி. கூட்டம் முழுக்கக் குளித்து முடிந்தால்தான் மேலே போக அனுமதிச் சீட்டு. கூட்டம் ஒன்று, சீட்டு ஒன்று. ஒருவர் நனையாமல் நின்றாலும் சீட்டு எழுதப்படாது.

அதை எழுதுகிறவர் டிஸ்பென்சர் வேலுப்பிள்ளை, என் மேலதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒருவரின் கண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் தன் கட்டைவிரலை முதலில் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். குளிர்ந்த விரலால் இமையைத் தொட்டால் ஆள் திடுக்கிடுமாம். விரல் சூடானபிறகுதான் எதிரே இருப்பவரின் இமையை இழுப்பார். முந்நூறு பேர் வந்தாலும் முந்நூறு தரம். எனக்குப் பொறுக்காது. "ஐயா, வரிசை நிக்குது" என்பேன். "ஓம், நிக்கட்டும்" என்பார்.

அவர் டிப்போக் கிணற்றில் காலையிலும் பின்னேரமும் தானே அள்ளிக் குளிப்பார். ஆற்றில் இறங்கமாட்டார். ஆறு என்பது அவருக்கு மாடு குளிக்கிற இடம். எனக்கோ அந்த ஊரில் யார் எப்படிக் குளிக்கிறார்கள் என்று பார்ப்பதே பொழுதுபோக்கு. தோணித்துறையில் சிங்களத் தோணிக்காரர்கள் தேசிக்காய் என்கிற எலுமிச்சையை அரிந்து தலையில் தேய்த்து முங்குவார்கள். பள்ளிவாசல் தொட்டியடியில் கை, வாய், மூக்கு, முகம் என்று ஒழுங்கு பிசகாமல் கழுவுவதைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குமுன் டாக்டர் கை கழுவுவது ஞாபகம் வரும். தோட்டத்துத் துரைமார் பாதியாக அறுத்த பீப்பாயில் சுடுதண்ணீர் நிரப்பி அதற்குள் உட்கார்ந்துவிடுவார்கள். தண்ணீர் தூக்கிப்போன ஆள் ஒருவன் என்னிடம் கவலையோடு சொன்னான்: "ஐயா, தொரை அழுக்கைக் கழுவி அந்த அழுக்குக்குள்ளயே உக்காந்திருக்காருங்க. யாராச்சும் சொல்லக் கூடாதுங்களா?"

எங்கள் ஆட்கள் குளித்தது மகாவலியில். பத்துப் பத்துப் பேராக இறக்குவோம். மழைக்காலத்தில் ஆறு செம்மண்ணாக ஓடும். சவர்க்காரம் வழுக்கிப் போகும். இவர்கள் கழுவிவிட்ட தண்ணீரையே கீழே அடுத்த துறையில் ஆட்கள் குடிப்பார்கள். பல்லேகலவிலிருந்து நான் ஓடிவந்து வேலுப்பிள்ளை ஐயாவிடம் பீலிக் கதையைச் சொன்னபோது அவர் மருந்து நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுத்து முடித்துத் தராசை வைத்துவிட்டுச் சொன்னார்: "உது குளிப்பில்லைத் தம்பி. மழையிலை நனையிறது. மனிசன் எண்டால் தண்ணியைத் தானே அள்ளித் தானே ஊத்தோணும்."

கிணற்றுக்காரர் பேச்சு என்று நினைத்துச் சிரித்தேன்.

ஆனால் அனுமதி தந்தார். டிப்போவுக்குப் பின்னால் மேட்டில் ஒரு நல்ல ஊற்று இருந்தது. அங்கிருந்து மூங்கிலைப் பிளந்து கணு தட்டி, ஒன்றுக்குள் ஒன்று செருகி இறக்கினேன். கீழே ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்றாக, கால் நட்டு நீளமாக இரண்டு முழு மூங்கில், ஆள் தலைக்கு ஒரு முழம் மேலே. ஒவ்வொன்றிலும் ஆறு துளை. ஒவ்வொரு துளைக்கும் கீழே பிஸ்கட் தகரத்தில் ஆணியால் குத்திய சல்லடை. தண்ணீரை மறிக்க மேலே பக்கத்துக்கு ஒரு மரக்கட்டை அடைப்பான், அதை இழுக்கக் கயிறு. பெண்கள் பக்கத்துக்கு மறைப்பாகத் தென்னோலைக் கிடுகுத் தட்டி. கயிற்றின் நுனி தட்டிக்கு வெளியே, என் கையில். இழுத்தால் மழை, விட்டால் வெயில்.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் மூக்குக்குத்தான் முதலில் ஞாபகம் வருகிறது. நனைந்த கம்பளியும் சவர்க்காரமும் கிடாரத்துப் புகையும் ஒன்றாகக் கலந்த ஒரு மணம். கோப்பி பூக்கிற காலத்தில் எதிர்மலை முழுக்க வெள்ளை விரித்த மாதிரி இருக்கும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சும்மா நிற்போம். ஆண்கள் பக்கம் ஒரே கூத்து. வெயில் ஊர்க்காரர்கள் மலைத்தண்ணீர் பட்டதும் துள்ளுவார்கள். "யோவ், இது தண்ணியா ஊசியா?" "நில்லுடா மாப்பிள்ளை, கல்யாணத்துக்குக்கூட நீ இப்படிக் குளிக்கல." காலையில் வந்த கூட்டம் மத்தியானத்துக்குள் சீட்டோடு புறப்பட்டுவிடும். கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய டாக்டர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் தரையில் நடக்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தும் கவனிக்காமல் விட்டேன். குளித்து வெளியே வரும் பெண்களில் பாதிப் பேருக்குத் தலை நனைந்திருக்காது. மார்புக்குமேல் சேலை கட்டிக்கொண்டு, குனிந்து, முதுகை மட்டும் தண்ணீருக்குக் கொடுத்து, ஒரு கையால் கொண்டையை மூடியபடியே குளித்திருப்பார்கள். வெட்கம் என்று நினைத்தேன். குளிருக்குப் பயம் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

கோப்பிப் பழம் பழுத்துக் கொட்டுகிற மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, ஆள் சேர்த்துக் கூட்டிவருகிற கறுப்பையா கங்காணியின் கூட்டம் வந்தது. இருபத்திரண்டு பேர். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஏற வேண்டியவர்கள். ஒரு நாள் பிந்தினாலும் பழம் மண்ணுக்குப் போகும் என்று கங்காணி காலில் நெருப்பைக் கொட்டியவர்போல் நின்றார். எல்லோரும் குளித்தாயிற்று. தட்டிக்குள் ஒரு பெண் மட்டும் மிச்சம். பெயர் செல்லாயி.

"அந்தப் பிள்ளை தண்ணிக்குக் கீழ வரமாட்டேங்குது" என்று வெளியே வந்து சொன்னார் பேச்சி, கங்காணியின் அக்கா.

"ஏனாம்?"

கங்காணிதான் பதில் சொன்னார். "அவ புருசன் மாடசாமிக்கு வழியில காய்ச்சல் கண்டுருச்சுங்க. மாத்தளைக்கு அங்கிட்டு ஒரு கொட்டகையில விட்டுட்டு வந்தோம். ஆறு நாளாச்சு. இருக்கானோ போயிட்டானோ." பிறகு குரலைத் தாழ்த்தி, "போயிருப்பான்" என்றார்.

அதற்கும் குளிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. தட்டி வழியாகச் சொன்னேன்: "அம்மா, தண்ணி தண்ணிதானே. ஒரு நிமிசம். உங்க ஒருத்தரால இருபத்தொரு பேர் நிக்கிறாங்க."

"மேலுக்குக் குளிக்கிறேங்க. வாளி குடுங்க."

"வாளி இப்ப இல்ல. எல்லாம் இதுதான்."

"அப்ப வேணாங்க."

மேட்டில் அடுத்த கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. பேச்சி உள்ளே போய் அவளை இழுத்து நிறுத்துவதும், அவள் விலகுவதும் தட்டி இடுக்கில் நிழலாகத் தெரிந்தது. கொஞ்சம் நனைந்துவிட்டால் பிடிவாதம் தானாக ஓய்ந்துவிடும், சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தானே என்று நினைத்தேன். நிழல் சல்லடைக்கு நேராக வந்ததும் கயிற்றை இழுத்தேன்.

தண்ணீர் விழுந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். ஏழு, எட்டு எண்ணியிருப்பேன். பேச்சியின் குரல் எழும்பியது. ஒப்பாரி. வெளியே கம்பளி போர்த்தி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கஞ்சிச் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினார்கள். பேச்சியோடு எட்டுப் பேரும் சேர்ந்து அழ, ஆண்கள் தலைத்துணியை அவிழ்த்தார்கள். என் கையில் கயிறு இன்னும் இருந்தது.

செல்லாயி வெளியே வந்தாள். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவள் அழவில்லை.

"என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க? தாலி அறுக்கிற அன்னைக்குத்தான் பொம்பள தலையில அடுத்தவங்க தண்ணி ஊத்துவாங்க. எம் புருசன் இருக்காரா இல்லையான்னு எனக்கே தெரியாது. நீங்க தெரிஞ்சமாதிரி ஊத்திட்டீங்களே."

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான், ஆனால் நானும் தமிழ் வீட்டில் பிறந்தவன்தானே. என் சொந்த அத்தைக்கு அப்படி ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் அது ஞாபகத்துக்கு வரவே இல்லை. நூறு எண்ணும் நேரம், நூறு எண்ணும் நேரம் என்று அதுவே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வேலுப்பிள்ளை ஐயா மருந்தறையிலிருந்து வந்தார்.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகல ஐயா."

"பிறகேன் அழுகினம்?"

சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கங்காணி அதற்குள், "ஆனது ஆச்சுங்க, தண்ணி விழுந்துருச்சு, கழுத்துல இருக்கிறத மலைக்குப் போய்க் கழட்டிக்கலாம், சீட்டக் குடுங்க" என்றார். பேச்சி மூக்கைச் சிந்திக்கொண்டு, "விழுந்த தண்ணிய மறுபடி மேல ஏத்த முடியுமா?" என்றார்.

"ஏத்த வேணாம்" என்றாள் செல்லாயி. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு நல்லெண்ணெயும் மஞ்சளும் குடுங்க. எண்ணெய் தேச்சு முழுகுறேன். புருசன் செத்தவ எவளாச்சும் மறுநாளே எண்ணெய் முழுக்குப் போடுவாளா? நீங்க எல்லாரும் பாத்துட்டு மலைக்கு வாங்க. அங்க போய் எவளும் என்னைப் பாத்து அறுத்தவன்னு சொல்லக் கூடாது."

"நாளைக்கா? பழம் கொட்டிப் போகும்" என்றார் கங்காணி.

வேலுப்பிள்ளை ஐயா கட்டைவிரலைக் கன்னத்தில் வைத்துச் சூடாக்கினார். செல்லாயியின் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். பிறகு பேச்சியின் இமை. அழுத மற்ற ஏழு பேரின் இமைகளும். "கண் சிவந்திருக்கு. ஒன்பது பேருக்கும். கூட்டத்தை நாளை வரைக்கும் மறிச்சு வைச்சுப் பாக்கோணும்."

"ஐயா, அழுததாலங்க சிவந்துருக்கு" என்றார் கங்காணி.

"ஓம். ஆனால் இந்தப் புத்தகத்திலை கண்ணின்ரை நிறம் எழுதத்தான் இடம் இருக்கு. காரணம் எழுத இடமில்லை." எழுதினார். மூடினார்.

நான் பள்ளிவாசலடியில் இருந்த மரைக்கார் நானாவின் கடைக்கு ஓடினேன். நடந்ததைச் சொன்னதும் அவர் எண்ணெய்ச் சாடியை மாற்றி, உள்ளேயிருந்து வேறொன்று எடுத்துவந்தார். "வெள்ளிக்கிழமைக் குளிப்பு எண்டா நல்லதாத் தாறேன். எங்களுக்கும் நாளைக்கு ஜும்ஆக் குளிப்புத்தான் தம்பி. ஆனா எங்க தலையில தண்ணி விழுந்தா மய்யித்து விழுந்திட்டு எண்டு யாரும் அழமாட்டாங்க." பிறகு சிரிப்பை நிறுத்தி, "அந்தப் பிள்ளையோட மாப்பிள்ளை வந்து சேர துஆக் கேக்கிறேன்" என்றார்.

வெள்ளி விடிந்ததும் தட்டிக்கு வெளியே நின்றேன். எண்ணெய் உள்ளே போய்விட்டது. ஆனால் முதல் எண்ணெயை உச்சியில் வைக்க மூத்த சுமங்கலி ஒருத்தி வேண்டும். கூட்டத்தில் மூத்தவர் பேச்சி. முதல் நாள் ஒப்பாரி எடுத்த அதே வாயால் அவர் வாழ்த்திக்கொண்டே எண்ணெய் வைக்க வேண்டும்.

உள்ளே யாரோ எண்ணெய்ச் சாடியை எடுத்து மறுபடி கீழே வைத்தார்கள்.

"நான் எடுத்தது தப்புன்னு ஆயிருமேடி" என்றது பேச்சியின் குரல்.

"ஆகட்டும் பெரியம்மா. உங்களுக்கு அது ஒரு தப்பு. எனக்கு அவரு உசுரு."

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. உள்ளங்கை நிறைய எண்ணெயை உச்சந்தலையில் வைத்துத் தட்டுகிற சத்தம். தப், தப், தப் என்று. தமிழ் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் அது என்ன சத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து மூட்டை கட்டப் போனார்.

"தம்பி, கயிறத் தொடாதீங்க. வாளியக் குடுங்க" என்றாள் செல்லாயி.

வேலுப்பிள்ளை ஐயாவின் கிணற்று வாளியைத்தான் கொடுத்தேன். அவளே மொண்டு, அவளே ஊற்றிக்கொண்டாள். நான் எண்ணவில்லை. மஞ்சள் முகத்தோடு வெளியே வந்தபோது வேலுப்பிள்ளை ஐயா விரலைச் சூடாக்கி இமையை இழுத்துப் பார்த்தார். "கண் வெளிச்சிட்டுது" என்று சீட்டை எழுதினார்.

அன்று பின்னேரமே வாளெடுத்து, பெண்கள் பக்கத்துக் கால்களை அறுத்து மூங்கிலைத் தோள் உயரத்துக்கு இறக்கினேன். மழை தோளுக்குக் கீழேதான் விழும். தலைக்கு வேண்டுமென்றால் பக்கத்தில் வாளி. அடுத்த கூட்டத்திலிருந்து பெண்கள் நிமிர்ந்து நின்று குளித்தார்கள். கொண்டையில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. நேரம் கொஞ்சம் கூடியது. நான் அதைப் பெரிய டாக்டரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், வேறொரு கூட்டத்தின் வாலில் ஒருவர் கோல் ஊன்றி வந்தார். எலும்பும் தோலும். சல்லடைக்குக் கீழே நிறுத்தியபோது குளிரில் நடுங்கிக்கொண்டே கேட்டார்: "ஐயா, கறுப்பையா கங்காணி ஆளுக இந்தப் பக்கம் போனாங்களா? நான் மாடசாமிங்க."

நான் கயிற்றை விட்டேன். தண்ணீர் நின்றது.

"போனாங்க. உங்க வீட்டம்மா இங்க எண்ணெய் முழுக்குப் போட்டுத்தான் போனாங்க."

அவர் முகத்திலிருந்த தண்ணீரை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எண்ணெய் முழுக்கா? நான் அங்க காய்ச்சல்ல கிடக்கேன், இவளுக்கு எண்ணெய் முழுக்கு கேக்குதாக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. வேலுப்பிள்ளை ஐயா அன்று அவருக்கு இரண்டு கம்பளி கொடுத்தார். புத்தகத்தில் ஒன்றுதான் எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு கோப்பி இலையில் நோய் விழுந்து செம்மஞ்சள் பொடி படிந்ததும், மலைகள் ஒவ்வொன்றாக மொட்டையானதும், வருகிற கூட்டங்கள் சுருங்கியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. டிப்போ மூடிய நாளில் வேலுப்பிள்ளை ஐயா அந்த வாளியை என்னிடம் தந்துவிட்டு ஊருக்குப் போனார். "வாறன்" என்றார். பிறகு வரவில்லை.

இப்போது ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்தில் கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நடுகிறார்கள். கோப்பி கழுவிய தொட்டிகள் சும்மா கிடக்கின்றன, லயத்து வரிசை அறைகளில் இருக்கும் ஆட்களுக்கு அதில் ஒரு குளிப்பிடம் கட்டித் தர முடியுமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். வருகிற புதன்கிழமை போகிறேன். படம் வரைந்துவிட்டேன். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பீலி. ஒன்று தோளுக்கு, ஓயாமல் ஓடும். மற்றது தலைக்கு மேலே, அடைப்பானோடு. கயிற்றின் நுனி தட்டிக்கு உள்ளே, குளிக்கிறவர் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கும்.

தோள் உயரம் எவ்வளவு என்று மட்டும் படத்தில் எழுதாமல் விட்டிருக்கிறேன். கறுப்பையா கங்காணி ஆட்கள் இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார்களாம். மூங்கிலை வெட்டுமுன் செல்லாயியைக் கேட்க வேண்டும்.